பெரியம்மாவைப் பற்றி என்ன பேசுவது? ஜானகி அம்மாளை நினைத்துக்கொண்டு ஒரு பதில்

நீங்கள் கேட்டது இதுதான். உங்கள் பெரியம்மா 86 வயதில் காலமாகிவிட்டார், கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை தன் சம்பாத்தியத்தில் தன் வீட்டில் இருந்தவர், படத்திறப்பில் நீங்கள் பேச வேண்டும். ஆனால் துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் "பாவம், தனியாவே இருந்துட்டுப் போயிட்டாங்க" என்றே சொல்லிவிட்டுப் போனதில் உங்களுக்கும் வேறு வார்த்தை வரவில்லை. இப்படி வாழ்ந்த ஒரு பெண்ணை எப்படி நினைவுகூர்வது என்று கேட்கிறீர்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். உங்கள் பெரியம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வியைப் படித்ததும் அதே 86 வயதில் போன இன்னொரு பெண் நினைவுக்கு வந்துவிட்டார். ஈ.கே. ஜானகி அம்மாள். 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்து 1984 பிப்ரவரி 7 அன்று சென்னை மதுரவாயலில் இறந்தவர். தாவரங்களின் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகளை, ஆராய்ந்தவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வகுப்பில் அவரைப் பற்றி நான் முதன்முதலாகச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்ட முதல் கேள்வியே "ஏன் மேடம் அவங்க கல்யாணம் பண்ணிக்கல?" என்பதுதான். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு பல வருடம் அவரைப் பற்றிப் படித்த பின்னால்தான், எந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும் என்பது பிடிபட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜானகி அம்மாளின் அப்பா கிருஷ்ணன் மதராஸ் மாகாணத்தில் சப்-ஜட்ஜ். வீட்டில் பெரிய தோட்டம் போட்டிருந்தார், வடமலபார்ப் பறவைகளைப் பற்றி எழுதினார். இரண்டு தாரத்துப் பிள்ளைகளையும் சேர்த்தால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடமே நடத்தலாம், அவ்வளவு பேர். தீயர் சமூகம். நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்த காலம் அது. அக்காமார்களுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் பேசி முடித்தார்கள். ஜானகி சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார், மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஹானர்ஸ் முடித்தார், மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். அவருக்கும் சொந்தத்திலேயே ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உதவித்தொகை வந்தது, ஆசியப் பெண்கள் அங்கே வந்து படிப்பதற்கென்றே தரப்பட்ட உதவித்தொகை. அவர் கப்பல் ஏறிவிட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். "கல்யாணத்தை மறுத்தவர்" என்றும் இதைச் சொல்லலாம், "மிச்சிகனுக்குப் போனவர்" என்றும் சொல்லலாம். நடந்தது ஒன்றுதான். ஆனால் முதல் மாதிரி சொன்னால் கேட்பவர் மனது அந்த மாப்பிள்ளையிடமே நின்றுவிடும். இரண்டாவது மாதிரி சொன்னால் ஜானகியோடு கப்பலில் ஏறும். என் மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

அமெரிக்காவில் போய் இறங்கியபோது எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரிகள் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்களாம். நீளக் கூந்தலும் பட்டுச் சேலையுமாக நின்ற பெண்ணைப் பார்த்து, இந்திய இளவரசியோ என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லை என்று நான் சொல்லவில்லை" என்று பிற்பாடு சொன்னதாக அவர் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1925இல் முதுகலை. ஊர் திரும்பி மறுபடியும் ஆசிரியை வேலை. அப்புறம் மறுபடியும் மிச்சிகன், 1931இல் முனைவர் பட்டம். அமெரிக்காவில் தாவரவியலில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அங்கே அவர் உருவாக்கிய ஒரு கலப்புக் கத்தரிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

கோயம்புத்தூர்க் கதையைத்தான் எல்லாரும் தவறாகச் சொல்கிறார்கள். "இந்தியக் கரும்புக்கு இனிப்பேற்றிய பெண்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முழு உண்மை அதில் இல்லை. அந்த நிலையம் 1912இல் தொடங்கியது. கரும்பு அங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதால்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். தடியாகச் சாறு நிறைந்த கரும்பையும், ஆற்றங்கரையில் நாணல் மாதிரி வளரும் பேய்க்கரும்பையும் கலந்து, அந்த நிலையத்து விஞ்ஞானிகள் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 ரகம் 1918 வாக்கிலேயே வயலுக்குப் போய்விட்டது. ஜானகி அம்மாள் வந்தது அதற்குப் பதினாறு வருடம் கழித்து.

அப்படியானால் அவர் செய்தது என்ன? அந்தக் கலப்புகளுக்குள் என்ன நடக்கிறது என்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார். பேய்க்கரும்பு பார்க்க ஒரே செடி மாதிரி இருக்கும், ஆனால் ஓர் இடத்துச் செடியில் குரோமோசோம் 40 இருக்கும், இன்னோர் இடத்தில் நூற்றைத் தாண்டும். வேர் நுனியை வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நான் மாணவர்களோடு வெங்காய வேரில் பதினாறு குரோமோசோம் எண்ணுவதற்கே பட்ட பாடு எனக்குத் தெரியும், கரும்பில் நூறுக்கு மேல் என்றால் யோசித்துப் பாருங்கள். அதோடு நிற்காமல் கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், காட்டுப் புற்களோடும் கலந்து பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் ஒரே புல் குடும்பம் என்றாலும் வேறு வேறு பேரினங்கள். அவை கலந்து ஒரு செடி முளைத்தது என்பது அந்தக் காலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த சங்கதி. அந்த ஒற்றை வரிப் புகழைவிட இந்த எண்ணிக்கை வேலைதான் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கோயம்புத்தூர் அவருக்குச் சுகமான இடமாக இல்லை. கல்யாணமாகாத பெண், அதிலும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியிலிருந்து வந்தவர், கூட வேலை பார்த்த ஆண்களைவிடப் பெரிய பட்டம் வேறு. உரசல் தீரவே இல்லை. 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு நடக்கும்போதே யுத்த மேகம், சில நாளில் இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை.

லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. குண்டு விழும் ராத்திரிகளில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார், காலையில் எழுந்து அலமாரித் தட்டுகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வார். ஊரிலிருந்து ஒரு அணிலைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய் அங்கே வளர்த்தார். அதற்குக் கபோக் என்று பெயர், நம் இலவம்பஞ்சு. இதை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை. யுத்தம், ரேஷன், தெரியாத ஊர், நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண், சேலைக்கு மேல் கோட்டு, கூடவே ஒரு அணில்! அந்த வருடங்களில்தான் குரோமோசோம் ஆய்வாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து ஒரு பெரிய நூலை 1945இல் வெளியிட்டார். பயிர் மேம்பாட்டு வேலையில் இருப்பவர்கள் பல காலம் கையில் வைத்திருந்த புத்தகம். டார்லிங்டனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் போய்க்கொண்டிருந்தன. தனியாக வாழ்ந்தவருக்கு ஆள் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இவருக்கு இருந்தார்கள், கொஞ்சம் தூரத்தில், தபாலில்.

1945இலிருந்து 1951 வரை இங்கிலாந்தின் விஸ்லியில், அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலை. அங்கே கால்ச்சிசினை வைத்து நிறையச் சோதனை செய்தார். நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறதே, அதே மருந்துதான். செல் இரண்டாகப் பிரிய விடாமல் அது தடுப்பதால் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும், இலையும் பூவும் தடித்துப் பெரிதாகும். மாக்னோலியா நாற்றுகளின் குருத்தில் அதை விட்டு, விஸ்லி குன்றில் நட்டு வைத்தார். அந்த மரங்கள் வளர்ந்து வெள்ளை வெளேரென்று பூத்தன, அதில் ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர். இங்கிலாந்தில் வசந்தம் வரும்போது இன்றைக்கும் பூக்கிறது.

1951இல் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்க வேண்டும், வாருங்கள் என்று. வெள்ளைக்காரர்கள் செடிகளைப் பறித்து லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்கு அனுப்புவதற்காக நடத்திய நிறுவனம் அது, 1890இல் தொடங்கியது. நம் செடிகளை நம் ஆட்களே நம் மண்ணில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது ஜானகி அம்மாளின் எண்ணம். 53 வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். திட்டம் போட்டுக் கொடுத்தார். ஆனால் தலைமைப் பொறுப்பை ஸ்பெயினில் பிறந்த பாதிரியார் சாந்தாபாவுக்குக் கொடுத்தார்கள். சாந்தாபாவும் நல்ல தாவரவியலாளர்தான், இந்தியச் செடிகளுக்கு நிறையச் செய்தவர், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஜானகி அம்மாளுக்கு அது ஆறாத வலி. தனக்கு உரிய இடம் என்று அவர் நம்பினார், அந்த நம்பிக்கை நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது. இதையும் ஏன் சொல்கிறேன் என்றால், நினைவுகூரும்போது இவற்றை மறைத்துவிடுகிறோம். உங்கள் பெரியம்மாவுக்கும் வர வேண்டிய பதவி உயர்வு ஒன்று வராமல் போயிருக்கலாம். கோபமும் அவருடையதுதானே.

அலகாபாத், ஜம்மு, கொஞ்ச காலம் மும்பை டிராம்பே என்று வேலை போய்க்கொண்டே இருந்தது. இதற்கு நடுவில் அவரை மாற்றிய விஷயம் ஒன்று உண்டு. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி ஒரு மாக்னோலியா மரம், அந்தப் பகுதியில் அந்த இனத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், அதைத் தேடிப் போனார். போய்ப் பார்த்தால் மரத்தை எரித்திருந்தார்கள். உணவு உற்பத்தியைப் பெருக்குவோம் என்று காடுகளை வெட்டித் தானியம் விதைத்த காலம் அது. அதுவரை செடிகளைக் கலந்து புதியதை உருவாக்கிக்கொண்டிருந்தவர், இருப்பதைக் காப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1955இல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றிவிட்டான் என்று ஒரு பெரிய கருத்தரங்கம் நடந்தது. அழைக்கப்பட்ட அறிஞர்களில் அவர் ஒருவர்தான் பெண். அங்கே போய் இந்தியாவின் சிறு விவசாயம், பழங்குடிகளின் பயிர்கள், தாய்வழிச் சமூகங்களில் பெண்கள் பேணிக் காத்த செடிகள் இவற்றைப் பற்றிப் பேசினார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே நம் பத்திரிகைகளில் புழங்காத காலம்.

சரி, இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி. கடைசி காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள்?

1970இல், 73 வயதில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். இன்றைக்கு மதுரவாயல் என்றால் பைபாஸும் மேம்பாலமும் லாரிச் சத்தமும்தான் நமக்குத் தெரியும். அப்போது ஊருக்கு வெளியே, வயலும் ஏரியுமாக இருந்த இடம். மூலிகைத் தோட்டம் போட்டார். பூனைகள் நிறைய, நாய்களும் சில. பூனைக்குட்டிகளைக்கூடச் சும்மா கொஞ்சவில்லை, எது எதிலிருந்து எந்த அடையாளத்தைக் கொண்டு வந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பார் என்கிறார்கள். உடுத்தியது பளிச்சென்ற மஞ்சள் பட்டுச்சேலை, அதே நிறத்தில் நீளமான தளர்ந்த மேல்சட்டை. உடைமை என்று பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை. 1977இல் பத்மஸ்ரீ வந்தது. விருது வந்தபோதும் அவர் கட்டுரை எழுதிக்கொண்டுதான் இருந்தார். அண்ணன் தங்கை பிள்ளைகள், பேத்திமார்கள் வந்து போனார்கள், கூட வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வியை நான் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். அந்த வயதில் அவர் எதையெல்லாம் பார்த்துக்கொண்டார்? தோட்டத்தை, பூனைகளை, அப்புறம் ஒரு காட்டை.

காடு என்றது அமைதிப் பள்ளத்தாக்கு. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டப்போவதாகக் கேரள மின்வாரியம் அறிவித்தது. கட்டினால் மழைக்காட்டின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விடும். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், விஞ்ஞானிகள் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. எண்பது வயது ஜானகி அம்மாள் அதில் சேர்ந்தார். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காரவில்லை. ஏரியாகப் போகிற அந்தக் காட்டில் உள்ள மரங்களின் குரோமோசோம்களை எண்ணிக் கணக்கெடுக்கப் போகிறேன், துணிந்துவிட்டேன் என்று டார்லிங்டனுக்குக் கடிதம் எழுதினார். கோயம்புத்தூரில் பேய்க்கரும்பின் வேரை நசுக்கி எண்ணிய அதே வேலை, நாற்பது வருடம் கழித்து, ஒரு காட்டைக் காப்பதற்காக.

1984 பிப்ரவரியில் மதுரவாயலில் இறந்தார். அதே வருடம் நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒன்பது மாத வித்தியாசம். அவர் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் தாங்கவில்லை.

அவர் பெயரில் இப்போது மத்திய அரசு, உயிரினங்களை இனம்பிரித்து வகைப்படுத்தும் வகைப்பாட்டியல் துறைக்கு விருது கொடுக்கிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் ஒரு தம்பதியர் தாங்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள், மஞ்சள் சாயல் உள்ள பூ, அந்தச் சேலைகளை நினைத்துத்தான்.

இப்போது உங்கள் பெரியம்மா. நான் ஜானகி அம்மாளைப் பற்றி எழுதியதில் அவருக்கு என்னவெல்லாம் இல்லை என்பது எத்தனை இடத்தில் வந்தது என்று திரும்பிப் பாருங்கள், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை என்று தொடக்கத்தில் ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு எங்கே போனார், எதைத் தொட்டார், யாரோடு சண்டை, எந்த மரத்தைத் தேடினார் என்றுதான் கதை ஓடியது. உங்கள் பேச்சையும் அப்படியே ஓட விடுங்கள். அவர் பெரிய விஞ்ஞானியாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. முதல் சம்பளம் எவ்வளவு, எந்த வருடம், அதில் என்ன வாங்கினார்? எந்த ஊருக்கு மாற்றல் ஆனார், அங்கே தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு வாடகைக்குக் கிடைக்க எத்தனை படி ஏறி இறங்கினார்? யாருடைய ஃபீஸைக் கட்டினார்? ஒருவேளை உங்களுடையதையே கட்டியிருக்கலாம். எந்தச் செடியை எந்த ஊரிலிருந்து கொண்டு வந்து தொட்டியில் வைத்தார்? அறுபது வயதுக்கு மேல் புதிதாக எதைக் கற்றுக்கொண்டார்? யார் மேல் கடைசிவரை கோபமாக இருந்தார், அந்தக் கோபத்தில் எவ்வளவு நியாயம் இருந்தது?

இவற்றுக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பதில் இருக்காது. அவரோடு வேலை பார்த்தவர்கள், எதிர் வீட்டுக்காரர்கள், பூக்கார அம்மா, வங்கியில் இருந்தவர், இவர்களிடம் இருக்கும். பெரியம்மா வீட்டு அலமாரியில் பழைய டைரிகளும் இன்லண்ட் கடிதங்களும் கட்டாயம் இருக்கும், படத்திறப்புக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் தனியாகப் போய் உட்கார்ந்து எடுத்துப் படியுங்கள். அதற்குள் யாரும் வீட்டைக் காலி செய்கிறேன் என்று அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிச் செடிகளுக்கு யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்றும் பாருங்கள்.